கடப்பாரை நீச்சல் முதல் பட்டர்ஃப்ளை வரை

எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஆம்பளைப் பையனைப் பார்த்து "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டால் கொஞ்சம் கேவலமாகத்தான் பார்ப்பான். கள்ளக்குறிச்சியைத் தாண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் கல்வராயன் மலையைப் பார்த்துப் போனால் இரண்டு பக்கமும் கரும்பு, நெல், மரவள்ளி. நடுநடுவே கிணறு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ, லாரி டியூப் மாட்டியோ, எதுவுமே இல்லாமல் மாமாவோ சித்தப்பாவோ பின்னாலிருந்து தள்ளிவிட்டோ நீச்சல் பழகியவர்கள்தான் பாதிப் பேர். பாடத்திட்டமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாய் நீச்சல், தவளை நீச்சல், மல்லாக்க நீச்சல், முங்கு நீச்சல். இதில் எதுவுமே வராதவனுக்குக் கடப்பாரை நீச்சல் (போட்டால் நேராக அடிக்குப் போகும்!).

இந்த லிஸ்ட்டில் இல்லாத ஒரே நீச்சல் பட்டர்ஃப்ளை. நான் பார்த்தவரை எந்தக் கிணற்றிலும் யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு தடவை எங்க கிணற்றில் நான் முயற்சி பண்ணியபோது மேலே நின்ற சித்தப்பா கேட்டது: "ஏன்டா, வலையில மாட்டுன கெளுத்தி மாதிரி துள்ற?"

பி.காம். படிக்கிற எனக்கு இருபது வயதில் வந்த ஆசை, 50 மீட்டர் பட்டர்ஃப்ளை போட்டியில் நீந்த வேண்டும் என்பது. வகுப்பில் இதைச் சொன்னதும் முதல் கேள்வியே "இந்த வயசுல ஆரம்பிச்சு ஒலிம்பிக்கா போகப் போற?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்த நீச்சல் எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். மற்ற நீச்சலெல்லாம் யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்தது இல்லை. மனுசன் தண்ணீரில் விழுந்தான், தத்தளித்தான், பிறகு மிதந்தான். பட்டர்ஃப்ளை அப்படி இல்லை. அது ஒரு விதிமுறையின் ஓட்டையில் பிறந்தது. 1930-களில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (நம்ம தவளை நீச்சலின் படித்த அண்ணன்) போட்டிகளில் இரண்டு கையும் சேர்ந்து அசைய வேண்டும், இரண்டு காலும் சேர்ந்து அசைய வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் கையைத் தண்ணீருக்கு அடியிலேயே முன்னால் கொண்டு வரவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. விடுவார்களா? அமெரிக்காவில் சிலர் இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே வீசிப் போட்டு நீந்த ஆரம்பித்தார்கள். காற்றில் தண்ணீரைவிட எதிர்ப்பு ரொம்பக் குறைவு, அதனால் வேகம்.

1935 வாக்கில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற மாணவரும் இன்னொரு விஷயத்தைச் சேர்த்தார்கள். இரண்டு காலையும் ஒட்டி வைத்து மீன் வால் மாதிரி மேலும் கீழும் அடிப்பது, அதாவது டால்ஃபின் உதை. இது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் விதிக்குப் பொருந்தாது என்று ரொம்ப நாள் அனுமதிக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட்டியில் கிட்டத்தட்ட எல்லாருமே கையை மேலே வீசி நீந்த, "சரிப்பா, இது வேற நீச்சல்" என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 200 மீட்டர், பெண்களுக்கு 100 மீட்டர் என்று பட்டர்ஃப்ளை முதன்முதலாகத் தனிப் போட்டியாக வந்தது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நீச்சல் இயல்பாக வருவது இல்லை. யாருக்குமே வருவதில்லை. தவளை நீச்சல் தானாக வரும், இது பழகினால்தான் வரும். எனக்குத் தெம்பு கொடுத்த முதல் விஷயமே இதுதான்.

இரண்டாவது விஷயம், இது பலத்தால் வருகிற நீச்சலும் இல்லை. டிவியில் பார்க்கும்போது தோள்பட்டையை வைத்துத் தண்ணீரை உடைக்கிற மாதிரி தெரியும். எங்க காலேஜில் ஜிம்முக்குப் போகிற பசங்க ரெண்டு பேர் ஆசைப்பட்டுக் குளத்துக்கு வந்தார்கள். இருபது மீட்டரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

நடப்பது இதுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு உதை. கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, பின்னால் தள்ளி வெளியேறும்போது இன்னொன்று. முதல் உதையின்போது நெஞ்சைத் தண்ணீருக்குள் லேசாக அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். இரண்டாவது உதை கையை வெளியே எடுக்க உதவும். மூச்சு எடுக்க தாடை தண்ணீரை ஒட்டியே முன்னால் போக வேண்டும், கை வருவதற்கு முன் தலை திரும்ப உள்ளே போய்விட வேண்டும். தலையை ஒரு சாண் அதிகமாகத் தூக்கினால் இடுப்பு கீழே இறங்கும். இடுப்பு இறங்கினால் உடம்பு சாய்ந்து தண்ணீரை முட்டும். அதை ஈடுகட்ட கை இன்னும் பலமாக இழுக்கும். பலமாக இழுத்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் தலை இன்னும் மேலே போகும். ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வணிகவியல் மாணவனுக்குப் புரியும் பாஷையில் சொல்கிறேன். முதல் 25 மீட்டரில் தசைகள் ஆக்சிஜன் வந்து சேருவதற்கு முன்பே சக்தியைச் செலவழிக்கின்றன. அது கடன். அளவோடு வாங்கினால் போட்டி முடிகிற வரை தாங்கும். ஆவேசத்தில் வாங்கினால் கடைசி பத்து மீட்டரில் தோள் இரண்டும் ஈர மூட்டை மாதிரி கனக்கும், கை தண்ணீரை விட்டு வெளியே வராது. மீட்டர் வட்டி என்ற வார்த்தைக்கு நிஜ அர்த்தம் எனக்கு அங்கேதான் தெரிந்தது :-)

அதனால் பட்டர்ஃப்ளை பழகுவது என்பது எப்போது இழுக்க வேண்டும் என்பதைவிட, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பழகுவதுதான். கை முன்னால் நுழைந்ததும் ஒரு நொடியில் பாதி நேரம் உடம்பு வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஒன்றும் பண்ணாமல் இருக்கத் தெரிந்தவன் ஐம்பது மீட்டர் போவான்.

வயது வந்த பிறகு ஆரம்பிக்கிறவனுக்குத் தனியாக இரண்டு தொல்லை இருக்கிறது. ஒன்று தோளும் மேல்முதுகும், இன்னொன்று கணுக்கால். எட்டு வயதில் ஆரம்பித்த பிள்ளைகளுக்குப் பாதம் பாலே டான்ஸர் மாதிரி நேராக நீளும். எனக்கு அது கிணற்றுப் படி இறங்கப் பழகிய பாதம். நேராக நீளாத பாதம் உதைத்தால் தண்ணீர் பின்னால் போகாது, கீழேதான் போகும். தோளும் இறுகியிருந்தால் கையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர உடம்பையே தூக்க வேண்டியிருக்கும். எனவே தினமும் இருபது நிமிடம் வீட்டில் பாயைப் போட்டு இந்த இரண்டையும் வளைக்கிற வேலை. மண்டி போட்டு குதிகாலில் உட்காருவது கணுக்காலுக்கு. துண்டை இரண்டு கையால் பிடித்துத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் கொண்டு போவது தோளுக்கு. எங்க அம்மா முதல் வாரம் "யோகாவா?" என்றார்கள், இரண்டாவது வாரம் "அந்தத் துண்ட துவைச்சுப் போடு" என்றார்கள். அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் நான் செய்கிற பயிற்சி ரொம்ப எளிமையானது. 25 மீட்டர் குளத்தில் பாதி தூரம், பன்னிரண்டு மீட்டர் சொச்சம் மட்டும் சுத்தமான பட்டர்ஃப்ளை. மீதியைச் சாதாரணமாக நீந்திப் போய் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்தது. பதினாறு தடவை. ஒரு கையை மட்டும் வீசிப் பழகுவது, மூன்று வீச்சு வலது, மூன்று வீச்சு இடது, மூன்று வீச்சு இரண்டு கையும் என்று மாற்றுவது எல்லாம் நடுவில் வரும். களைத்துப் போய் உருக்குலைந்த பட்டர்ஃப்ளை ஒரு மீட்டர்கூட நீந்தக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். உடம்பு திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் கற்றுக்கொள்ளும். மோசமாகச் செய்தால் மோசமானதைக் கற்றுக்கொள்ளும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு அடியில் மூச்சடக்கி டால்ஃபின் உதை பழகுவதைத் தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் செய்யாதீர்கள். மயக்கம் சொல்லிக்கொண்டு வராது.

இன்னொன்று, எண்ணுவது. 25 மீட்டருக்கு எத்தனை வீச்சு என்று ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதிப்போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியில் சுவர் தெரியவில்லை. வீச்சை எண்ணியே போய்த் தொட்டார். 1:52.03, உலக சாதனையோடு தங்கம். அதே ஒலிம்பிக் 100 மீட்டரில் செர்பியாவின் மிலோராட் சாவிச் சுவரை நோக்கிக் கையை நீட்டி வழுக்கிக்கொண்டு வர, ஃபெல்ப்ஸ் அவசரமாக இன்னொரு அரை வீச்சு போட்டார். 50.58-க்கு 50.59. வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் எங்கே சும்மா இருப்பது, எங்கே சும்மா இருக்கக் கூடாது என்று தெரியும்.

இப்போது "இந்த வயசுல" என்ற கேள்விக்கு வருகிறேன். பதில் எங்க ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. விருத்தாசலம் தாண்டினால் நெய்வேலி. சாஜன் பிரகாஷ் நீச்சல் பழகியது அங்கேதான். பிறந்தது 1993-ல், கேரளாவின் இடுக்கி. அம்மா ஷான்டிமோள், முன்னாள் ஓட்டப்பந்தய வீராங்கனை. அவருக்கு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. அந்த டவுன்ஷிப்பில் வளர்ந்த பையன் அங்கிருந்த குளத்தில் இறங்கினான். பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் போனார். 2015 கேரள தேசிய விளையாட்டில் 6 தங்கம், 3 வெள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 1:59.37. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே போட்டியின் இறுதிச் சுற்றில் ஐந்தாவது இடம். அந்தச் சமயம்தான் கேரளாவில் பெருவெள்ளம். சொந்தக்காரர்கள் அதில் மாட்டிக்கொண்ட கவலையோடு நீந்தினார். (இந்தப் போட்டியில் இந்தியாவுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவர் கஜான் சிங். 1986 சியோல், வெள்ளி.)

அதற்குப் பிறகு கழுத்தில் டிஸ்க் காயம். கையைத் தூக்குவதே கஷ்டம் என்றால் பட்டர்ஃப்ளை எங்கே? கூடவே கொரோனா வந்து குளங்களெல்லாம் மூடல். தாய்லாந்தில் முடங்கி, அப்புறம் துபாய் போய் மெதுவாகத் தேறி வந்தார். 2021 ஜூன் 26, ரோம் நகரில் செட்டே கொல்லி போட்டி. ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரம் 1:56.48. சாஜன் நீந்தியது 1:56.38. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நேரடியாக 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர்.

நான் அதில் கவனித்தது வேறு கணக்கு. ரியோவில் அவருக்கு 22 வயது, 1:59.37. ரோமில் 27 வயது, 1:56.38. நடுவில் கழுத்துக் காயம். அப்படியும் கிட்டத்தட்ட மூன்று நொடி குறைந்திருக்கிறது. "நீச்சல்னா பதினாறு பதினேழு வயசோட சரி" என்று நம்ம ஊரில் சொல்வதற்கு இது ஒரு நல்ல பதில். சின்ன வயதிலேயே ஆரம்பித்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய வேகம் சின்ன வயதோடு முடியவில்லை.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. சாஜனின் அந்த 1:56.38-ஐ நாலால் வகுத்தால் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சராசரி 29.1 நொடி. அதை நிற்காமல் நாலு தடவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நான் நீந்தியது ஒரே ஒரு 50. 43 நொடி சில்லறை, ஆறு பேரில் ஐந்தாவது. முதல் நாலு பேரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே குளத்தில் பயிற்சி எடுத்தவர்கள். முடிந்த பிறகு பேசிக்கொண்டிருந்தபோது அதில் ஒருத்தர் கேட்டார், "எந்த கோச்சிங் சென்டர் ப்ரோ?" "கிணறு" என்றேன். ஜோக் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குக் கிணற்றின் மேல் ஒரு குறையும் இல்லை. அது எனக்குத் தண்ணீரில் பயமில்லாமல் இருக்கக் கற்றுக் கொடுத்தது, நீளமான மூச்சைக் கொடுத்தது. குளத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் ஆழமான பக்கம் போக நடுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஆனால் கிணற்றில் இல்லாதவை மூன்று. நேர்கோடு, கடிகாரம், அளந்து வைத்த சுவர். எங்க கிணற்றில் ஐந்து வீச்சு போட்டால் எதிர்க்கரை வந்துவிடும். கோமுகி அணையிலோ மேகம் அருவிக்குக் கீழேயோ தண்ணீர் நிறைய இருக்கலாம், பயிற்சி செய்யும் இடங்கள் அவை இல்லை. மற்ற நீச்சலை எந்தத் தண்ணீரிலும் பழகலாம். பட்டர்ஃப்ளைக்கு அளந்த தண்ணீர் வேண்டும். நான் வாரம் மூன்று நாள் பஸ் ஏறி ஒரு தனியார் குளத்துக்குப் போவதும் அந்த மூன்றுக்காகத்தான். பஸ் காசும் குளத்துக் காசும் சேர்ந்தால் என் மாதச் செலவில் பெரிய பங்கு.

நெய்வேலியில் ஒரு பையனுக்குக் கிடைத்தது திறமை மட்டும் இல்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அளந்த குளமும்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நெஞ்சுக்கூட்டுக்கு ஒரு குளமும் ஒரு கடிகாரமும் கிடைத்தால் என்ன நேரம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஒலிம்பிக் போக மாட்டேன். அது தெரிந்துதான் ஆரம்பித்தேன். ஆனால் வயது வந்தவர்களுக்கும் போட்டி உண்டு. மாஸ்டர்ஸ் என்று பெயர். உலக அளவில் 25 வயதில் ஆரம்பித்து ஐந்து ஐந்து வருடப் பிரிவுகளாகப் போகும். எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களுக்கும் பிரிவு இருக்கிறது. அந்த விதிப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சலுகை, மாஸ்டர்ஸ் பட்டர்ஃப்ளையில் டால்ஃபின் உதைக்குப் பதிலாகத் தவளை உதையும் போடலாம், ஒரு வீச்சுக்கு ஒரு உதை என்ற கணக்கில். அதாவது 1930-களில் இந்த நீச்சல் பிறந்த அதே கோலம். கையை மேலே வீசி, காலைத் தவளை மாதிரி உதைப்பது. நம்ம கிணற்றுப் பிள்ளைகளுக்குப் பாதி நீச்சல் ஏற்கனவே தெரியும் என்று அர்த்தம்!

எனக்கு 25 ஆக இன்னும் நாலு வருடம் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பட்டர்ஃப்ளை முதல்முறையாக வரப்போகிறது, அதை டிவியில் பார்ப்பேன். அதற்குள் என் 43-ஐ 36-க்குள் கொண்டுவர வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வருமா என்று தெரியாது. போன வாரம் 25 மீட்டருக்குப் பதினாலு வீச்சு எடுத்தது. இந்த வாரம் பதிமூன்று.